பாதி மை

மைப்பேனாவை விமானத்தில் கொண்டுபோக இரண்டே வழிதான் என்பார்கள். கழுத்துவரை மை நிரப்பிக்கொள்ள வேண்டும். அல்லது ஒரு சொட்டு இல்லாமல் கழுவிக் காயவைத்து எடுத்துப்போக வேண்டும். பாதி மையோடு மட்டும் ஏறக்கூடாது. 2016 மே மாதம் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நான் பாதி மையோடுதான் ஏறினேன். விவரம் தெரியாதவன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டுதான் சட்டைப்பையில் குத்திக்கொண்டேன்.

அது அப்பாவின் பேனா. கறுப்பு எபோனைட். மூடியில் பொறித்திருந்த கம்பெனிப் பெயர் விரல்பட்டுத் தேய்ந்து எப்போதோ போய்விட்டது. உள்ளே ரப்பர் குழாய், திருகாணி என்று எதுவும் கிடையாது. கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் உறிஞ்சி, நேராகப் பேனாவின் உடம்புக்குள் மையை விடவேண்டும். அப்பா சேத்தியாத்தோப்பில் ஆரம்பப் பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். அந்த வருடம் ஜனவரியில் ஒருநாள் காலை, வழக்கம்போல நிறைய மை ஊற்றி, கழுத்தைத் துணியால் துடைத்து மேசைமேல் வைத்தார். மத்தியானம் நெஞ்சை என்னமோ செய்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை.

ஆக, அந்தப் பேனாவுக்குள் இருந்தது அவர் கையால் ஊற்றிய மை. நான்கு மாதம் அதில் நான் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. அவ்வப்போது எடுத்து, மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைப்பேன். எதற்காக வைத்திருக்கிறேன் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. யாரும் கேட்கவும் இல்லை.

பாதி மை ஏன் ஆபத்து என்பதைச் சொல்லிவிடுகிறேன். விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியில் பறந்தாலும், உள்ளே ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயரத்துக்கான காற்றழுத்தத்தைத்தான் வைத்திருப்பார்கள். அழுத்தக் கணக்கில் பார்த்தால் நாம் ஊட்டியில் உட்கார்ந்திருக்கிறோம். கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான் அங்கே. ஆனால் மூடிய பேனாவுக்குள் இருப்பது மீனம்பாக்கத்தில் அடைபட்ட காற்று. வெளியே அழுத்தம் குறையக் குறைய அது விரியும். நான்கு மில்லி பிடிக்கும் பேனாவில் பாதி மை என்றால் மீதி இரண்டு மில்லியும் காற்று. அது விரிந்தால் பத்துப் பதின்மூன்று சொட்டு மையை வெளியே தள்ளிவிடும். நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கின் காடிகள் இரண்டு மூன்று சொட்டைத் தாங்கும். மிச்சம் மூடிக்குள் போகும். நிப்பு மேல்நோக்கி இருந்தால் பிழைத்தோம், காற்று மட்டும் வெளியேறிவிடும். நிறைந்த பேனாவில் விரிவதற்குக் காற்று இல்லை. காலிப் பேனாவில் ஒழுகுவதற்கு மை இல்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க பாயில் விதி வேண்டாம், நெய்வேலி போதும். சுரங்கத்தில் வேலைபார்த்தவர்கள் டீக்கடையில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே பெரும் அழுத்தத்தில் நீர் அடைபட்டுக் கிடக்கிறது. மேலே இருக்கிற மண்ணின் பாரம்தான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. மண்ணை வெட்டி எடுத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நீர் சுரங்கத்தின் தரையைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். அதனால்தான் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஐம்பதுகளில் சுரங்கம் தொடங்கிய காலத்திலிருந்து இதுதான் அங்கே தீராத வேலை. கீழே இருந்த நீர் அப்படியேதான் இருக்கிறது. மேலே இருந்த பாரம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பேனாக்களுக்கு விமானம் கொஞ்சம் கூடுதல் சோதனை. ராஜமுந்திரியில் 1930களில் செய்யத் தொடங்கிய ரத்னம் பேனாவை காந்தி 1935இல் பாராட்டிக் கடிதம் எழுதினார். சென்னையில் காமா, திருவள்ளூரில் ரங்கா என்று அந்த மரபில் வந்தவர்கள் எபோனைட் தடியைக் கடைந்து கையால் பேனா செய்தார்கள். உடம்பு முழுக்க மைத்தொட்டி. ஒருமுறை ஊற்றினால் வாரக்கணக்கில் எழுதலாம். தரையில் உட்கார்ந்து நிறைய எழுதுகிறவர்களுக்கான பேனா அது. நிறைய மை பிடிக்கிற பேனா, மை தீரத் தீர நிறையக் காற்றும் பிடிக்கும்.

சரி, நிரப்பிக்கொண்டு போயிருக்கலாமே? நிரப்பினால் அப்பா ஊற்றிய மையோடு நான் ஊற்றியது கலந்துவிடும். பிறகு எது அவருடையது? காலி செய்யலாம் என்றால், அவர் ஊற்றியதை வாஷ்பேசினில் கொட்ட வேண்டும். கை வரவில்லை. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதற்கும் மனம் ஒப்பவில்லை. நிறைகுடம் தளும்பாது என்று பழமொழி சொல்கிற நம் ஆட்கள் காலிக்குடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டார்கள். அதுவும் தளும்பாது. துக்கத்தில் இருப்பவனுக்கு அந்த இரண்டில் ஒன்றாக ஆகத்தான் முடிவதில்லை.

இதில் நான் பார்க்க மறுத்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஜனவரியில் அப்பா ஊற்றியபோது பேனா நிறைந்திருந்தது. மே மாதம் பாதிதான் இருந்தது. இடையில் நான் எழுதவில்லை. மரை வழியாகவும் நிப்பு வழியாகவும் அது தானாகக் காய்ந்து குறைந்துகொண்டிருந்தது. கடலூர் மாவட்டத்து ஏப்ரல் வெயிலில் எந்த மை நிற்கும்? நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது ஏற்கனவே பாதி போய்விட்டது. அதை ஒருநாளும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

அப்பா விமானம் ஏறியதே இல்லை. நெய்வேலியில் ஓடுபாதை ஒன்று உண்டு. ஆனால் எங்களுக்கு விமானம் என்றால் சென்னை அல்லது திருச்சிதான். அவர் பறக்கவில்லையே தவிர அவருடைய மை நிறையப் பறந்திருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எங்கள் தெருவிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் சவுதிக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் ஏராளம். அவர்கள் வீட்டுப் பெண்கள் சாயங்காலம் நீல ஏரோகிராமை மடித்து எடுத்துக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வருவார்கள். "சொல்லும்மா" என்பார் அப்பா. சொல்வதை அப்படியே எழுதுவார். அழுதால் காத்திருப்பார். திட்டினால் திட்டையும் எழுதுவார். "இதை எழுதணுமா சார்?" என்று அவர்களே தயங்கினால், "நீதானே சொன்ன" என்பார். முடிந்ததும் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களிடம் பேனாவைக் கொடுத்துவிடுவார்.

அது எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். பேனாவைக் கைமாற்றாதே, நிப்பு கெட்டுவிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாங்கள். பால்பாயிண்டில் அழுத்தி எழுதிப் பழகியவர்கள் நிப்பை அகட்டிவிடுவார்கள். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். அவர்கள் போன பிறகு கட்டைவிரல் நகத்தில் வைத்து நிப்பை அழுத்திச் சரிசெய்வார். எத்தனை முறை சரிசெய்தாரோ, கடைசியில் அந்த நிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தே எழுதும்.

இப்போது விமானத்துக்கு வருகிறேன்.

சேத்தியாத்தோப்பில் கும்பகோணம் பஸ்ஸைப் பிடித்து இரவெல்லாம் தூங்காமல் வந்திருந்தேன். ஏறி உட்கார்ந்ததும் குளிருக்கு மெல்லிய வெள்ளை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன். உள்ளே சட்டைப்பையில் பேனா, நிப்பு மேல்நோக்கித்தான். விமானம் மேலே ஏறும்போது முன்சீட்டின் முதுகில் நெற்றியை முட்டுக்கொடுத்துத் தூங்கிப்போனேன். குனிந்தவன் பையில் பேனாவும் குனிந்துவிடும் என்பது அப்போது தோன்றவில்லை.

பக்கத்து சீட்டுக்காரர் நாற்பத்தைந்து வயது இருப்பார். பேச்சுக்கொடுத்ததில் ஸ்ரீமுஷ்ணம் பக்கம் என்று தெரிந்தது. "சேத்தியாத்தோப்பா! ஆலைக்குக் கரும்பு ஏத்திக்கிட்டு எத்தினி நாளு வந்துருக்கேன்" என்றார். துபாயில் எட்டு வருடம் இருந்துவிட்டு, ஊரில் கொஞ்ச காலம் இருந்துபார்த்து, சரிப்பட்டு வராமல் முதல் தடவையாக சிங்கப்பூர் கட்டட வேலைக்குப் போகிறார். வேலை அனுமதிக் கடிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியிலேயே வைத்திருந்தார்.

பணிப்பெண் வெள்ளை அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனாள். சிங்கப்பூர் இறங்குகிறவர்கள் நிரப்ப வேண்டிய அட்டை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, ஒரு பேனா குடுங்களேன்."

"பேனா இல்லண்ணே."

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. என் அட்டையைக் கீழே இறங்கி நிரப்பிக்கொள்ளலாம் என்று முன்சீட்டுப் பையில் செருகிவிட்டேன், பொய்யோடு பொருந்திப் போகட்டும் என்று. அவர் எழுந்து இரண்டு வரிசை முன்னால் போய் யாரிடமோ ஒரு பால்பாயிண்ட் பேனா வாங்கிவந்தார். உட்கார்ந்து, பேனாவையும் அட்டையையும் கடவுச்சீட்டையும் என்னிடம் நீட்டினார். "இங்கிலீசு வராது. கொஞ்சம் எழுதிக் குடுத்துருங்க தம்பி."

எழுதிக்கொடுத்தேன். பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண், தங்கப்போகும் முகவரி. அனுமதிக் கடிதத்தில் இருந்த முகவரியைக் குனிந்து பார்த்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். பெட்டிக்குள் அடங்க வேண்டுமே. முடித்து நிமிர்ந்து சாய்ந்தேன். அவர் அட்டையை வாங்கிக்கொண்டு என் நெஞ்சைப் பார்த்தார்.

"தம்பி, பேனா ஒழுவுது பாருங்க."

வெள்ளை ஸ்வெட்டரில் இதயத்துக்கு நேராக நீலம் பரவிக்கொண்டிருந்தது. தூங்கும்போதும் குனிந்து எழுதும்போதும் மூடிக்குள் இறங்கிய மை, நான் நிமிர்ந்ததும் மரை வழியாகக் கசிந்திருக்கிறது. நான் ஸ்வெட்டரைக் கழற்ற, சட்டைப்பையில் குத்தியிருந்த பேனாவின் கிளிப் பளிச்சென்று வெளியே தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டோடு கொடுத்த காகிதத் துணியை எடுத்து நீட்டினார். தன்னுடையதையும் கொடுத்தார்.

"அப்பா பேனாண்ணே. ஜனவரில தவறிட்டாரு" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன். மன்னிப்பு கேட்டேனா, சாக்கு சொன்னேனா?

"அப்பா பேனாவா? அப்ப குடுக்க மனசு வராதுதான்" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபமில்லை. அதற்குப் பிறகு இறங்கும்வரை நாங்கள் பேசவில்லை. நான்தான் பேசவில்லை.

இந்தக் கதையைச் சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். ஒரு பேனா கொடுக்காததுக்கு இவ்வளவா என்பார்கள். நியாயம்தான். அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, இரண்டு நிமிடத்தில் வேறு பேனா கிடைத்தது. பொய்யைப் பற்றிப் பெரியவர்கள் பேசியதையெல்லாம் இதற்குப் பொருத்திப் பார்த்தேன். 1797இல் எழுதிய கட்டுரையில் காண்ட், நண்பனைக் கொல்ல வருகிறவன் வாசலில் நின்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்கிறார். வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் அவ்வளவு கறார் இல்லை. குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்க்கும் ஓரிடம் தருகிறார். இருவரும் பெரிய பொய்களைப் பற்றிப் பேசுகிறார்கள், ஓர் உயிர் தப்புவதற்கோ ஒரு நல்லது நடப்பதற்கோ சொல்லப்படும் பொய்களைப் பற்றி. என் பொய் அந்தத் தட்டிலேயே ஏறாது. வள்ளுவரின் சலுகையைக் கேட்பதென்றால் அதனால் யாருக்கு என்ன நன்மை என்று சொல்லவேண்டும். எனக்குக்கூட இல்லை. அப்பாவுக்கா?

அங்கேதான் எனக்குச் சிக்கல். இறந்தவருக்கு விசுவாசமாக இருப்பது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இரண்டு வேலை இருக்கிறது. அவர் விட்டுப்போனதைப் பத்திரமாக வைத்திருப்பது ஒன்று. அவர் செய்துகொண்டிருந்ததைச் செய்வது இன்னொன்று. பெரும்பாலும் இவை மோதிக்கொள்வதில்லை, அதனால் ஒன்றென்றே நினைத்துக்கொள்கிறோம். அன்று ஓர் அட்டையின் இரண்டு பக்கமாக வந்து நின்றன. அந்தப் பேனா இருந்ததே இந்த மாதிரி ஆட்களுக்கு எழுதத்தான். ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் அப்பாவின் திண்ணைக்கு வந்திருந்தால் மூடியைத் திறந்து கையில் கொடுத்திருப்பார். அப்பாவின் மையைக் காப்பாற்றுவதற்காக அப்பா ஒருநாளும் செய்யாத காரியத்தைச் செய்தேன்.

அதற்காக, பொருளில் என்ன இருக்கிறது, எல்லாம் மாயை என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. பொருளில் இருக்கத்தான் செய்கிறது. ஒரு பேனா சாய்ந்து எழுதுகிறது என்றால் அதைச் சாய்த்தது யாரோ சிலருடைய கைகள். வாட்ஸாப்பில் இறந்தவர் அனுப்பிய கடைசி ஆடியோவை அழிக்காமல் போனை மாற்றுகிற ஒவ்வொருவருக்கும் நான் சொல்வது புரியும். கேட்கவும் மாட்டோம், அழிக்கவும் மாட்டோம்.

அம்மா வேறு மாதிரி. அப்பா தோளில் போட்டிருந்த துண்டை நான் பீரோவில் மடித்து வைத்திருந்தேன். காரியம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஒருநாள் அடுப்பிலிருந்து குழம்புச் சட்டி இறக்கும் கரித்துணியாக அதைப் பார்த்தேன். கத்திவிட்டேன். "அவரும் இதாலதானே சட்டி எறக்குவாரு" என்றாள். அது உண்மைதான், ஞாயிற்றுக்கிழமைகளில் கறிக்குழம்பு அவர்தான் வைப்பார். அப்போது எனக்கு அது பதிலாகப் படவில்லை. அம்மாவுக்கு மனசே இல்லை என்றுகூட நினைத்தேன். இப்போது எழுதும்போது, எங்கள் இரண்டு பேரில் யாருக்கு அவரை நன்றாகத் தெரியும் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. அன்று நான் எழுதிக்கொடுத்த பால்பாயிண்ட் பேனாவுக்கும் விமானத்துக்கும் பழைய உறவு உண்டு. ஹங்கேரியிலிருந்து அர்ஜென்டினாவுக்குப் போன லாஸ்லோ பீரோ என்ற பத்திரிகையாளர் உருவாக்கிய பேனா அது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அதை வாங்கியது, உயரத்தில் ஒழுகாமல் எழுதுகிறது என்பதற்காக. கெட்டியான மை, முனையில் ஒரு குண்டு. யார் கையிலும் எழுதும், யார் அழுத்தினாலும் கெடாது, தொலைந்தால் யாரும் தேடமாட்டார்கள். மைப்பேனாப் பிரியர்கள் அதைக் கேவலமாகப் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன். அன்றைக்கு அப்பாவின் வேலையைச் செய்தது அதுதான். அவருடைய பேனா என் நெஞ்சில் ஒளிந்துகொண்டிருந்தது.

இன்று அந்தச் சந்தர்ப்பமே வராது. இந்தியாவிலிருந்து கிளம்பும் இந்தியர்கள் நிரப்பிய படிவம் 2017 ஜூலையோடு நின்றது. சிங்கப்பூரின் வெள்ளை அட்டை 2020இல் இணையத்துக்குப் போய்விட்டது. இப்போது போனை நீட்டி "தம்பி, இதுல கொஞ்சம் அடிச்சுக் குடுங்க" என்கிறார்கள். அடித்துக்கொடுக்கிறேன். போனைக் கேட்டால் யாருக்கும் பேனா மாதிரி தயக்கம் வருவதில்லை என்று சொல்ல வந்தேன். அதுவும் பொய். சார்ஜ் குறைவாக இருக்கும்போது எனக்கு வருகிறது.

சாங்கியில் வரிசை வேறு வேறாகப் பிரிந்தது. அவர் கூட்டத்தோடு போய்விட்டார். நான் ஒரு மேசையில் கட்டிவைத்திருந்த பேனாவால் என் அட்டையை நிரப்பினேன்.

அன்றிரவு அறையில் பேனாவைத் திறந்தேன். மூடிக்குள் இருந்ததைக் காகிதத்தில் ஒற்றி எடுத்தேன். உடம்பில் சில சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. நான்கு மாதத்தில் தடித்துப்போய் நீலமும் கறுப்புமாக இருந்தது. கழுவலாம் என்று குழாயடிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். பயணச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். முதலில் பிடிக்கவில்லை, இரண்டு முறை உதறியதும் வந்தது. அப்பா பெயரை எழுதத்தான் உட்கார்ந்தேன். கை அந்த மனிதரின் பெயரை எழுதியது. அட்டையில் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் எழுதினேன். அடுத்து ஊரையும் எழுதத் தொடங்கினேன். ஸ்ரீ வந்தது. மு பாதியில் வெளிறிக் கீறலாகிவிட்டது.

ஸ்வெட்டரை மூன்று முறை துவைத்தேன். கறை போகவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மா அதைக் கேட்டு வாங்கிவைத்துக்கொண்டாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.